கேளுங்கள் சொல்கிறேன்: சாமி கையில் எதற்கு வாள்?

போன இதழில் ஆயுத பூஜை பற்றிப் பேசும்போது, "வாளைக் கும்பிடுகிறவன் அது உறையிலேயே இருக்கட்டும் என்றுதான் கும்பிடுகிறான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த இதழை நிரப்பிவிட்டன. பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், சரி, வாளைப் பற்றிப் பேசினால் சண்டை வராமல் இருக்குமா?

கேள்வி: எல்லாச் சமயமும் அன்பைத்தான் சொல்கிறது என்கிறீர்கள். அப்புறம் எந்தச் சமயத்தை எடுத்தாலும் எங்கோ ஒரு மூலையில் வாள் தொங்குகிறதே, ஏன்?

பதில்: மற்ற ஆயுதங்களுக்கெல்லாம் வேறொரு பிழைப்பு உண்டு. அரிவாள் கதிர் அறுக்கும், கோடரி விறகு பிளக்கும், வில்லை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போகலாம், கத்தி இல்லாமல் சமையலே நடக்காது. வாளுக்கு மட்டும் வேறு வேலை கிடையாது. மனிதனை மனிதன் வெட்டுவதற்கென்றே இரும்பையும் உழைப்பையும் கொட்டிச் செய்த பொருள் அது. இப்படி ஒன்று ஊருக்குள் வந்துவிட்டால் இதை யார் எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், யார்மேல் எடுக்கக்கூடாது என்று யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அந்த இடத்தில்தான் சமயம் உள்ளே வருகிறது.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் இதற்கு ஒரு கதையே இருக்கிறது. அம்புப் படுக்கையில் கிடக்கிற பீஷ்மரிடம் நகுலன், அவன் வாள்வீச்சில் கெட்டிக்காரன், இந்த வாள் எப்படிப் பிறந்தது என்று கேட்கிறான். பிரம்மா செய்த வேள்வித் தீயிலிருந்து கருநெய்தல் நிறத்தில், ஒல்லியாக, நெட்டையாக, கூரிய பற்களோடு ஒரு உருவம் எழுந்ததாம். எல்லோரும் நடுங்கிப்போக அதுவே வாளாக மாறியதாம். அதற்கு ஜாதகம்கூட இருக்கிறது: நட்சத்திரம் கார்த்திகை, தெய்வம் அக்னி, கோத்திரம் ரோகிணி, குரு ருத்திரன். நமக்குக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல இருக்கும். ருத்திரன், விஷ்ணு, இந்திரன் என்று கைமாறிக் கடைசியில் அது மனுவிடம் வரும்போது கூடவே ஒரு நிபந்தனையும் வருகிறது: சின்னக் குற்றத்துக்கு வாயால் கண்டி, அல்லது அபராதம் போடு, அற்பக் காரணத்துக்காக உறுப்பை வெட்டுவதோ உயிரை எடுப்பதோ கூடாது. வாளைக் கொடுத்த கையோடு, எதற்கெல்லாம் அதை எடுக்கக்கூடாது என்ற பட்டியலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பழங்காலத்துப் புல்வெளி நாடோடிகளான சிதியர்கள் சுள்ளிக்கட்டுகளை மலைபோல் குவித்து அதன் உச்சியில் ஒரு பழைய இரும்பு வாளை நட்டு, அதையே போர்த் தெய்வமாக வைத்து ஆண்டுதோறும் பலி கொடுத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆட்டையும் குதிரையையும் மட்டுமல்ல, போரில் பிடித்த மனிதர்களையும்.

கேள்வி: தமிழ் பைபிளில் "சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்" என்று வருகிறது. பட்டயம் என்றால் டிப்ளமோ இல்லையா? செப்புப் பட்டயமா? சின்ன வயதிலிருந்து குழப்பம்.

பதில்: சிரிக்கவில்லை, எனக்கும் இதே குழப்பம் இருந்தது. ஞாயிறு பள்ளியில் யாரோ யாருக்கோ சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டயம் என்பதற்கு அகராதியில் சாசனம் என்ற பொருளும் உண்டு, வாள் என்ற பொருளும் உண்டு. இரண்டாவது பொருள் இன்று பேச்சிலிருந்து போய்விட்டது, பைபிளில் மட்டும் தங்கியிருக்கிறது. "இருபுறமும் கருக்குள்ள பட்டயம்" என்று எபிரெயர் நிருபத்தில் வருமே, அந்தக் கருக்கும் அப்படித்தான். பனைமட்டையின் ஓரத்தில் கையைக் கிழித்துக்கொண்டவருக்குக் கருக்கு என்றால் என்ன என்று விளக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட வசனம் மத்தேயு 10:34. அடுத்த வரியிலேயே மகனுக்கும் தகப்பனுக்கும், மருமகளுக்கும் மாமியாருக்கும் பிரிவினை என்று போகிறது. லூக்கா இதே பேச்சைச் சொல்லும்போது வாள் என்ற சொல்லையே எடுத்துவிட்டுப் பிரிவினை என்றே எழுதிவிட்டார். ஆக இது குடும்பத்துக்குள் விழுகிற வெட்டு. ஆனால் அதே மத்தேயுவில் இன்னும் சில பக்கம் தள்ளிப் போனால் நிஜ வாள் ஒன்று வெளியே வருகிறது. இரவு, தோட்டம், இயேசுவைப் பிடிக்கப் பந்தங்களோடு ஆட்கள். ஒரு சீடர் வாளை உருவிப் பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் காதை வெட்டிவிடுகிறார். வெட்டியது பேதுரு, வெட்டுப்பட்டவன் பெயர் மல்குஸ், போனது வலது காது என்று யோவான் சொல்கிறார். பேதுரு மீன் பிடிக்கிறவர், தலைக்குக் குறிவைத்துக் காதோடு போயிருக்கும் என்பது என் சொந்த ஊகம். அங்கே வருகிற கட்டளை "உன் பட்டயத்தை உறையிலே போடு". அந்தக் காதை அங்கேயே தொட்டுக் குணமாக்கியதாக லூக்கா சேர்க்கிறார்.

அப்புறம் ஒன்று. பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்ற ஏசாயாவின் வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். யோவேல் மூன்றாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள், மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடியுங்கள் என்று அப்படியே திருப்பிப் போட்டிருக்கும். இரண்டும் ஒரே புத்தகத்துக்குள். எந்த வரியை மேடையில் வாசிக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் வாசிக்கிறவர் மனசு தெரிந்துவிடும்.

கேள்வி: பேயாழ்வார் பெருமாளின் வாள் அம்சம் என்கிறார்கள். அன்பே உருவான ஆழ்வாருக்கு வாளா?

பதில்: ஆமாம், நந்தகம். விஷ்ணு புராணம் அந்த வாளுக்கு ஒரு பொருள் சொல்கிறது: வாள் ஞானம், அதை மூடியிருக்கிற உறை அஞ்ஞானம். உறையை உருவினால் வெளிச்சம். "திருக்கண்டேன் பொன்மேனி கண்டேன்" என்று ஆரம்பிக்கிறவருக்கு வேறு எந்த ஆயுதம் பொருந்தும்? பௌத்தர்களின் மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் கையிலும் இதே கதைதான், வலக்கையில் தீச்சுடர் எரியும் வாள், இடக்கைத் தாமரைமேல் பிரக்ஞாபாரமிதை என்ற ஞான நூலின் சுவடி. மாணிக்கவாசகரோ "ஞானவாள் ஏந்தும் ஐயர் நாதப் பறையறைமின்" என்று ஒரு படையையே கிளப்பிவிடுகிறார். அந்தப் படைக்குக் கவசம் திருநீறு, பிடிக்கப்போகிற கோட்டை வானம், எதிரி மாயை. யாருக்கும் ஒரு கீறல் விழாது.

கேள்வி: திருநீற்றைப் பார்த்ததும் எதிரியிடம் கழுத்தைக் கொடுத்த ஏனாதிநாத நாயனார் கதையை என் மகனுக்குச் சொன்னேன். "அது முட்டாள்தனம் இல்லையா" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

பதில்: உங்கள் மகன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான், கதையைத்தான் நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

ஏனாதிநாதர் தொழிலே வாள்வித்தை சொல்லிக்கொடுப்பது. அதில் வருகிற வருமானம் அடியாருக்குப் போகும். அதே தொழில் செய்கிற அதிசூரனுக்குப் பொறாமை, ஆள் சேர்த்துக்கொண்டு வந்து மோதித் தோற்று ஓடுகிறான். இரவெல்லாம் தூக்கமில்லை. விடியற்காலையில் நாம் இருவர் மட்டும் தனி இடத்தில் பொருவோம் என்று சொல்லி அனுப்புகிறான். திருநீறு பூசும் பழக்கமே இல்லாதவன் அன்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டே வருகிறான். ஏனாதிநாதர் அவனை மடக்கி, வெட்டப்போகிற நொடியில் கேடயத்தை விலக்கிக் காட்டுகிறான். ஏனாதிநாதர் "கெட்டேன்" என்கிறார், எதிரி சிவனடியார் ஆகிவிட்டாரே, இனி அவர் எண்ணப்படியே ஆகட்டும் என்று முடிவெடுக்கிறார்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சேக்கிழார் இதற்குப் பிறகு வைக்கிற இடம்தான் கதை. வெட்டுவதில்லை என்றானபின் வாளையும் கேடயத்தையும் கீழே போட நினைக்கிறார் ஏனாதிநாதர், ஆனால் போடவில்லை. ஏன் தெரியுமா? போட்டுவிட்டால் ஆயுதம் இல்லாதவனைக் கொன்றான் என்ற பழி எதிரிக்கு வந்துவிடும். அது வரக்கூடாது. அதனால் சண்டை போடுகிறவர்போலவே வாளைப் பிடித்துக்கொண்டு நேரே நிற்கிறார், அதிசூரன் தன் எண்ணத்தை முடித்துக்கொள்கிறான்.

வாழ்நாளெல்லாம் வாளைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், கடைசியாக அதைப் பிடித்தது தன்னைக் கொல்கிறவனின் மானத்தைக் காப்பதற்காக. இது முட்டாள்தனமா இல்லையா என்று உங்கள் மகனே முடிவு செய்யட்டும், எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒவ்வொரு பதில் வருகிறது.

இதன் ஒன்றுவிட்ட சகோதரன்போல ஒரு கதை பாரசீகத்தில் இருக்கிறது, சூஃபிக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற நூலில். நபிகளின் மருமகன் அலி ஒரு எதிரியை வீழ்த்தி வாளை ஓங்கும்போது அவன் இவர் முகத்தில் துப்புகிறான். அலி உடனே வாளைக் கீழே போட்டுவிடுகிறார். ஏன் என்று அவனே கேட்கிறான். நான் இறைவனுக்காக வெட்ட வந்தேன், நீ துப்பியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது, இனி வெட்டினால் பாதி எனக்காக வெட்டியதாகிவிடும் என்கிறார். உங்கள் மகன் ஏனாதிநாதரை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இதை ஒப்புக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அலியின் துல்ஃபிகார் வாள் பாம்பு நாக்குபோல நுனி பிளந்து இருக்கிறதே, நிஜமாகவே அப்படித்தான் இருந்ததா? உறைக்குள் எப்படிப் போகும்?

பதில்: உறைக்குள் போகுமா என்று கேட்டீர்கள் பாருங்கள், கொல்லன் கேட்கிற கேள்வி. துல்ஃபிகார் பத்ருப் போரில், அதாவது 624இல், நபிகளின் கைக்கு வந்து பிறகு அலிக்குப் போனது என்பது மரபு. பெயரில் உள்ள சொல் முதுகெலும்பின் கணுக்களோடு தொடர்புடையது, அதனால் அலகில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்திருக்க வேண்டும் என்று பலர் விளக்குகிறார்கள். பிளந்த நுனி கொடிகளிலும் ஓவியங்களிலும் நிலைத்துவிட்ட வடிவம், ஒட்டோமான் கப்பற்கொடிகளில்கூடப் பார்க்கலாம். அடையாளம் என்று ஆகிவிட்டபின் அதை யார் உறையில் போட்டுப் பார்க்கப்போகிறார்கள்?

பலருக்குத் தெரியாத ஒன்று: வாளுக்கு அரபியில் வழங்கும் சைஃப் என்ற சொல் குர்ஆனில் ஓரிடத்தில்கூட இல்லை. "வாள் வசனம்" என்று ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒன்றைச் சொல்வார்கள், அதிலும் வாள் கிடையாது. வாள் இருப்பது வரலாற்றிலும் சடங்கிலும்தான். சில பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை உரை நிகழ்த்துபவர் கையில் வாளோ கைத்தடியோ ஊன்றி நிற்பது பழைய வழக்கம். 2020 ஜூலை 24 அன்று அதுவரை அருங்காட்சியகமாக இருந்த இஸ்தான்புல் ஹாகியா சோஃபியாவில் மீண்டும் தொழுகை தொடங்கியபோது உரை நிகழ்த்தியவர் வாளோடு மேடை ஏறியதை உலகமே பார்த்தது. ரசித்தவர்களும் உண்டு, திடுக்கிட்டவர்களும் உண்டு.

கேள்வி: சீக்கியர்கள் கிர்பான் வைத்துக்கொள்வது சட்டப்படி சரியா? விமானத்தில் எப்படி விடுகிறார்கள்?

பதில்: சரிதான், அதுவும் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சமய உரிமையைச் சொல்லும் 25ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கக் குறிப்பு உண்டு, கிர்பான் அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று. விமானத்தைப் பொறுத்தவரை இந்தியாவுக்குள் பறக்கும்போது அளவு பார்ப்பார்கள்: மொத்த நீளம் 9 அங்குலத்துக்குள், அலகு 6 அங்குலத்துக்குள்.

ஆனால் சீக்கியத்தில் வாள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சர்க்கரைத் தண்ணீர். 1699 பைசாகித் திருநாளில் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கிய அமைப்பைத் தொடங்கியபோது, இரும்புச் சட்டியில் தண்ணீர் விட்டு, அதில் பதாசா என்கிற சர்க்கரை மிட்டாயைப் போட்டு, இருபுறமும் கூரான கண்டா வாளால் கலக்கினார்கள், மேலே குருவாணி என்கிற குருமார்களின் பாடல்களை ஓதிக்கொண்டே. அந்த அமிர்தத்தை எல்லாச் சாதிக்காரரும் ஒரே சட்டியிலிருந்து குடித்தார்கள். இன்றும் அமிர்தம் ஏற்கும் சடங்கு அப்படியே நடக்கிறது. வாளைக் கரண்டியாக்கிய சடங்கு வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு முன்பே 1606இல், தந்தை குரு அர்ஜன் கொல்லப்பட்டபின், பதினொரு வயது ஹர்கோவிந்த் குருவாகும்போது இடுப்பில் இரண்டு வாள் கட்டிக்கொண்டார். ஒன்று மீரி, உலக அதிகாரம். இன்னொன்று பீரி, ஆன்மிகம். ஐரோப்பாவிலும் இரண்டு வாள் உண்டு. பைபிளில் இயேசுவிடம் சீடர்கள் "இதோ இங்கே இரண்டு பட்டயம்" என்று காட்டியதை வைத்து, இரண்டு வாளும் திருச்சபையின் கட்டுப்பாட்டில்தான் என்று போப் எட்டாம் போனிஃபாஸ் 1302இல் ஆணை போட்டார். அரசர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த ஆண்டே பிரெஞ்சு அரசரின் ஆட்கள் வந்து அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். யார் இடுப்பில் எந்த வாள் என்பதில் கொஞ்சம் நாசூக்கு வேண்டும்.

கேள்வி: யாருமே பார்க்காத வாளைக் கும்பிடுகிற நாடு உண்டாமே?

பதில்: ஜப்பான். குசநாகி என்ற வாள், எட்டுத்தலைப் பாம்பின் வாலை வெட்டும்போது உள்ளேயிருந்து கிடைத்தது என்பது புராணம். நகோயா நகரின் அத்சுதா கோயிலில் இருக்கிறது, பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. 2019 மே 1 அன்று புதிய பேரரசர் பதவியேற்றபோது அந்த வாளுக்குப் பதிலாக அரண்மனையில் இருக்கும் நகலும் அரச மணிக்கல்லும் பெட்டிக்குள்ளேயே வந்து பெட்டிக்குள்ளேயே போயின. 1185இல் தன்னோ-உரா கடற்போரில் குழந்தைப் பேரரசரோடு வாளும் மூழ்கிவிட்டது என்றும், மூழ்கியது நகல்தான் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

இதற்கு நேர் எதிர், இத்தாலியில் டஸ்கனியின் மொந்தேசியேப்பி சிற்றாலயத்தில் இருக்கிறது. கல்கானோ என்ற போர்வீரர் சண்டையை விடச்சொல்லித் தமக்கு வந்த அழைப்பை, "அது பாறையில் வாளைச் செருகுவதுபோல" என்று தட்டிக்கழித்துவிட்டு வாளைப் பாறைமேல் குத்தினாராம், அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிவிட்டதாம். வெளியே நின்ற பிடி சிலுவைபோல் தெரிய, அதன் முன்னாலேயே மண்டியிட்டார். அவரைப் புனிதராக அறிவித்த ஆண்டும் அதே 1185! பாறையும் வாளும் இன்றும் இருக்கின்றன, யாரும் பிடுங்கிப் பார்க்காமலிருக்க மேலே கண்ணாடிபோல் ஒரு மூடி போட்டிருக்கிறார்கள். உலோகத்தைச் சோதித்தவர்கள் 12ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்துகிறது என்றுதான் சொன்னார்கள்.

கேள்வி: தமிழில் வாளுக்கென்று தனி வழிபாடு இருந்ததா, இல்லை ஆயுத பூஜையோடு சரியா?

பதில்: தொல்காப்பியத்திலேயே வாள்மங்கலம் என்று ஒரு துறை இருக்கிறது. எனக்குப் பிடித்தது நாட்கோள். அரசன் படையெடுக்க நல்ல நாள் பார்த்துவிட்டான், ஆனால் அந்த நேரத்தில் கிளம்ப முடியவில்லை. என்ன செய்வது? குடையையோ வாளையோ அந்தத் திசையில் முன்னால் அனுப்பிவிடுவான். வாள் கிளம்பிவிட்டால் அவனே கிளம்பியதாகக் கணக்கு. பிற்காலத்தில் பரஸ்தானம் வைப்பது என்று சொன்னார்களே, அதேதான்.

வாள் முன்னால் போவது இன்னும் நிற்கவில்லை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதியம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரம் கிளம்புவதற்கு முன்னால், மன்னரின் உடைவாளைக் கைமாற்றுகிற சடங்கு நடக்கும். வாள் முன்னே, கலைமகள் பின்னே. அந்தத் திருவிதாங்கூரில்தான் 1750இல் மார்த்தாண்ட வர்மா வாளைப் பத்மநாபசுவாமி முன் வைத்து, நாடு இனி உன்னுடையது, நான் உன் தாசன் என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டார். அவ்வளவு ரத்தம் பார்த்த வாளை எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வாள் ஒன்று இருக்கிறது. குங்குமம், சந்தனம் பூசி, எலுமிச்சை செருகிப் பூஜையறையில் வைக்கிறோம். அலகில் புள்ளி புள்ளியாக வருகிறது. தோஷமா?

பதில்: துரு. எலுமிச்சைச் சாறு அமிலம், இரும்பில் நேராகப் பட்டால் அரிக்கும். ஈரச் சந்தனமும் குங்குமமும் நாள்கணக்கில் அப்படியே இருந்தால் அதன் அடியில் ஈரம் நின்று துரு ஏறும். பூஜை முடிந்த அன்றைக்கே எல்லாவற்றையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒத்தி, மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள், விரலால் அலகைத் தொடாதீர்கள், வியர்வையின் உப்பும் அரிக்கும்.

இது புதுசு இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு அவன் தன் ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினான். புறநானூறு 95. மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று வரிசையாக வைத்திருக்கிறான். ஔவையார் பார்த்துவிட்டு, இவையெல்லாம் அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையதோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் ஒரு குத்து. எல்லோரும் ஔவையார் பக்கம் நின்றுதான் இந்தப் பாட்டைப் படிப்போம், எனக்கோ வயதாக ஆகத் தொண்டைமான் பக்கமும் கொஞ்சம் சாய்வு வருகிறது. உங்கள் வாள் தொண்டைமான் கட்சி, அதனால் நெய் இல்லாவிட்டாலும் எண்ணெயாவது போடுங்கள்.

அப்புறம், இவ்வளவு நேரம் உறையின் பெருமையைப் பேசிவிட்டு இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது: தோலுறை என்றால் வாளை அதற்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாள் தனியாக, உறை தனியாக, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில்.